வெயில் தாங்காத ஆசான்

கோல சிலாங்கூர், புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்துத் தோட்டங்களில் ஒரு காலத்தில் பொழுது விடியுமுன்னே பிரட்டு மணி ஒலிக்கும். ஆண்களும் பெண்களும் இருட்டோடு இருட்டாக நிரைகளுக்குப் போவார்கள். அவர்கள் வெட்டிச் சேர்த்த பால் ஆலையில் உறைந்து தகடாகும், புகைவீட்டில் காயும், பின்னர் லாரி ஏறித் துறைமுகம் போய்ச் சேரும். இன்று கிள்ளான் துறைமுகம் எனப்படும் அந்த இடத்திற்கு அன்று போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயர். அங்கு வந்து நின்ற கப்பல்களில் பல, உயரமான நீலநிறப் புகைபோக்கி உடையவை. கிரேக்க இதிகாச வீரர்களின் பெயர்களைத் தாங்கிய அக்கப்பல்கள், மலாயாவின் இரப்பரை ஏற்றிக்கொண்டு இங்கிலாந்தின் லிவர்பூல் நகருக்குச் செல்லும்.

இரண்டாம் உலகப் போரின்போது அந்த நீலப் புகைபோக்கிக் கப்பல்களின் இளம் மாலுமிகளைக் காப்பதற்காக ஒரு பயிற்சிப் பள்ளி தோன்றியது. அதன் வழிவந்த பள்ளியொன்று நம் நாட்டிலும் உண்டு. கோல சிலாங்கூரிலிருந்து கடற்கரையோரமாக வடக்கே சென்றால், பேராக் மாநிலத்தின் லூமுட்டில், பங்கோர் தீவைப் பார்த்தபடி அது அமைந்திருக்கிறது. காட்டிலும் கடலிலும் இளைஞர்களைப் பழக்கும் இத்தகைய பள்ளிகளைக் கனவு கண்டவர் குர்த் ஹான் என்னும் ஆசிரியர். அவரால் வெயிலில் சிறிது நேரம்கூட வெறுந்தலையுடன் நிற்க முடியாது என்பதுதான் வியப்பு.

குர்த் ஹான் 1886ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் ஜெர்மனியின் பெர்லின் நகரில் பிறந்தார். வசதி படைத்த யூதக் குடும்பம். தந்தை தொழிலதிபர், தாய் இசையறிவு மிக்கவர். சிறுவயதில் மலைகளில் நடப்பதிலும் திறந்த வெளியில் விளையாடுவதிலும் ஹானுக்கு மிகுந்த நாட்டம் இருந்தது. பதினெட்டு வயதில் கடும் வெயில் அவரைத் தாக்கியது. அதன் விளைவாக மாதக்கணக்கில் இருண்ட அறையில் அடைந்து கிடக்க நேர்ந்தது. பின்னாளில் அறுவைச் சிகிச்சையும் செய்யப்பட்டது. ஆனாலும், கடும் ஒளியும் வெப்பமும் அவருக்கு வாழ்நாள் முழுவதும் பகையாகவே இருந்தன. வெளியே செல்லும்போதெல்லாம் அகன்ற விளிம்புள்ள தொப்பியை அணிந்துகொள்வார்.

அந்த நாள்களில் அவர் இரண்டு செயல்களில் மனத்தைச் செலுத்தினார். ஒன்று, கிரேக்க அறிஞர் பிளேட்டோவின் நூல்களைப் படிப்பது. தாம் ஒருநாள் தொடங்கவிருக்கும் பள்ளியைப் பற்றிச் சிந்திப்பது. மற்றொன்று, ஓடிவந்து தாண்டாமல், நின்ற இடத்திலிருந்தே உயரம் தாண்டிப் பழகுவது. ஓடுவதற்கு இடமில்லாத அறையில் வேறென்ன செய்ய முடியும்? நாள்தோறும் சிறிது சிறிதாகப் பழகினால் நலிந்த உடலும் முன்னேறும் என்பதை அவர் தம்மிடமே கண்டார். பிற்காலத்தில் அவர் வகுத்த பயிற்சிகள் அனைத்திலும் இந்த அனுபவத்தின் சாயல் தெரியும்.

பின்னர் ஹான் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் பயின்றார். கோடைக்காலத்தில் வெப்பத்திலிருந்து தப்பிப்பதற்காக ஸ்காட்லாந்தின் வடக்கே, மோரே என்னும் குளிர்ந்த கடலோரப் பகுதிக்குச் சென்று தங்குவார். 1914இல் முதல் உலகப் போர் மூண்டதும் ஜெர்மனிக்குத் திரும்பி, வெளியுறவு அலுவலகத்தில் ஆங்கில நாளேடுகளைப் படித்து ஆராயும் பணியை மேற்கொண்டார். போரின் இறுதியில் ஜெர்மானியப் பேரரசின் கடைசித் தலைமையமைச்சரான இளவரசர் மாக்ஸுக்குத் தனிச்செயலராக இருந்தார்.

போரில் தோற்ற நாடு மனமுடைந்து கிடந்தது. தலைவர்களுக்கு அறிவு இருந்தது. ஆனால், தவற்றைத் தவறு என்று சொல்லும் துணிவு இல்லாமற்போயிற்று என்று ஹான் கருதினார். அறிவை மட்டும் வளர்க்கும் கல்வியில் அவருக்கு நம்பிக்கை குறைந்தது. 1920ஆம் ஆண்டில் இளவரசர் மாக்ஸின் மாளிகையில், அவரது துணையுடன், சாலெம் என்னும் பள்ளியைத் தொடங்கினார். பழைய துறவிமடமாக இருந்த கட்டடம் அது. ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் அங்கு ஒன்றாகப் பயின்றனர்.

சாலெமில் காலைப் பாடங்களுக்கு இடையே ஓர் இடைவேளை உண்டு. அந்த நேரத்தில் மாணவர்கள் ஓடுவார்கள், தாண்டுவார்கள், எறிவார்கள். இதில் முதலிடம், இரண்டாமிடம் என்ற பேச்சே இல்லை. நேற்றுத் தாண்டிய உயரத்தை இன்று தாண்ட முடிகிறதா என்பதே கணக்கு. ஓட்டத்தில் சிறந்தவனுக்குக் கைத்தட்டல் எளிதில் கிடைத்துவிடும். ஓடத் தெரியாதவனோ ஓரமாக ஒதுங்கிவிடுவான். அப்படி ஒதுங்குபவன் மீதுதான் ஹானின் கண் இருந்தது. உயரம் தாண்ட அஞ்சிய மாணவன் ஆறு மாதத்தில் தன் இடுப்பளவு உயரத்தைத் தாண்டிவிட்டால், அவன் மற்றவற்றிலும் தன்னை நம்பத் தொடங்குவான் என்பது அவரது எண்ணம்.

ஒவ்வொரு மாணவரும் அன்றாடக் கடமைகள் அடங்கிய பட்டியல் ஒன்றை வைத்திருப்பார். இரவில், செய்த கடமைக்கு ஒரு குறி, செய்யாத கடமைக்கு வேறொரு குறி என்று தாமே இட்டுக்கொள்ள வேண்டும். ஆசிரியர் அதைச் சரிபார்க்கமாட்டார். பொய்க்குறி இட்டால் கண்டுபிடிக்க வழியில்லை. கட்டொழுங்கு ஆசிரியர்கள் பலருக்கு இந்த முறை அன்றும் வியப்பளித்தது, இன்றும் வியப்பளிக்கக்கூடும். ஒருவரை நம்பினால்தான் அவர் நம்பிக்கைக்கு உரியவராக வளர்வார் என்று ஹான் உறுதியாக இருந்தார்.

அந்த உறுதிக்கு 1932இல் பெருஞ்சோதனை வந்தது. பொத்தெம்பா என்னும் சிற்றூரில் ஹிட்லரின் கட்சியினர் ஒரு தொழிலாளியை அவருடைய வீட்டிலேயே, தாயின் கண்முன்னே மிதித்துக் கொன்றனர். கொலையாளிகளுக்கு நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. ஹிட்லரோ அவர்களுக்கு ஆதரவாகத் தந்தி அனுப்பினார். நாடு முழுவதும் பலர் வாய்மூடி இருந்த வேளையில், ஹான் தம் பள்ளியின் முன்னாள் மாணவர்களுக்குக் கடிதம் எழுதினார். ஹிட்லரின் படையில் இருப்பவர்கள் அதைவிட்டு விலக வேண்டும். இல்லையேல் சாலெமுடன் உள்ள உறவை முறித்துக்கொள்ள வேண்டும் என்பதே அதன் சாரம். சில மாதங்களில் ஹிட்லர் ஆட்சியைப் பிடித்தார். 1933 மார்ச் மாதம் ஹான் சிறையில் அடைக்கப்பட்டார். இங்கிலாந்தின் தலைமையமைச்சர் ராம்சே மெக்டானல்ட் உள்ளிட்டோர் அவருக்காகக் குரல் கொடுத்தனர். விடுதலையான ஹான், தாம் உருவாக்கிய பள்ளியையும் பிறந்த நாட்டையும் விட்டு, அதே ஆண்டு ஜூலையில் இங்கிலாந்து சென்று சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 47. எல்லாவற்றையும் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

இளமையில் கோடைக்காலங்களைக் கழித்த மோரே கடலோரத்தையே அவர் தேர்ந்தெடுத்தார். 1934இல் அங்கே கோர்டன்ஸ்டன் பள்ளி தோன்றியது. தொடக்கத்தில் மாணவர் எண்ணிக்கை மிகக் குறைவு. சாலெமில் பயின்ற கிரேக்க இளவரசர் பிலிப்பும் இங்கு வந்து சேர்ந்தார். இவரே பிற்காலத்தில் எலிசபெத் அரசியாரை மணந்தவர்.

கோர்டன்ஸ்டனில் கடலே பெரிய வகுப்பறையாயிற்று. அருகிலிருந்த சிறு துறைமுகத்தில் மாணவர்கள் படகு செலுத்தப் பழகினர். புயல் வீசும் இரவுகளில், கடற்கரைக் குன்றின்மேல் இருந்த காவல் குடிலில் முறை வைத்து விழித்திருந்து, ஆபத்தில் சிக்கிய படகு ஏதேனும் தெரிகிறதா என்று கண்காணித்தனர். இது நாடகம் போன்ற ஒத்திகையன்று. கடலோரக் காவல் துறைக்கு அவர்கள் உண்மையாகவே உதவினர். பதினாறு வயதுப் பையன் தூங்கிவிட்டால் மீனவர் ஒருவரின் உயிர் போகக்கூடும். தன்னை நம்பி யாரோ ஒருவர் கடலில் இருக்கிறார் என்ற எண்ணம், எந்த அறிவுரையும் செய்யாத வேலையைச் செய்தது. ஓய்வுக்கும் அங்கே இடமிருந்தது. மதிய உணவுக்குப் பிறகு மாணவர்கள் மல்லாந்து படுத்திருக்க, ஒருவர் நூலை உரக்க வாசிப்பார். மற்றவர்கள் அமைதியாகக் கேட்பார்கள்.

இந்தப் பயிற்சி, கட்டணம் செலுத்தக்கூடிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் கிடைப்பது ஹானுக்கு உறுத்தலாக இருந்தது. ஆகவே, 1936இல் மோரே விருது என்ற திட்டத்தை அமைத்து, சுற்றுவட்டாரத்துப் பையன்களும் அதில் பங்கேற்கச் செய்தார். உடற்பயிற்சி, நெடும்பயணம், உயிர்காக்கும் திறன் ஆகியவற்றில் குறித்த தரத்தை எட்டினால் விருது கிடைக்கும். பக்கத்து வீட்டுப் பையனை வெல்ல வேண்டியதில்லை; தரத்தை எட்டினால் போதும்.

1939இல் போர் மூண்டது. அட்லாண்டிக் கடலில் ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல்கள் வணிகக் கப்பல்களை ஒன்றன்பின் ஒன்றாக மூழ்கடித்தன. நீலப் புகைபோக்கிக் கப்பல் நிறுவனத்தின் பங்குதாரர்களுள் ஒருவர் லாரன்ஸ் ஹோல்ட். கப்பல் மூழ்கியபின் உயிர்காப்புப் படகில் ஏறியவர்களைப் பற்றிக் கேள்வியுற்ற செய்திகள் அவரை வாட்டின. உடல்வலிமை மிக்க இளம் மாலுமிகள் சோர்ந்து இறந்துபோக, பாய்மரக் கப்பல் காலத்து முதிய மாலுமிகள் பிழைத்து வந்தனர் என்பதே அவர் கண்ட நிலை. இது புள்ளிவிவரங்களைத் தொகுத்து எடுத்த முடிவன்று. அனுபவத்தில் தோன்றிய கருத்துதான். ஆயினும், உடல் வலிமை மட்டும் ஒருவரைக் காப்பாற்றாது, இடர்வரும்போது மனம் தளராதிருக்கப் பழகியிருக்க வேண்டும் என்று ஹோல்ட் எண்ணினார். ஹானும் பல ஆண்டுகளாக இதையே கூறிவந்தார்.

இருவரும் கைகோத்தனர். ஹோல்ட் பொருளுதவி செய்ய, 1941ஆம் ஆண்டு வேல்ஸ் நாட்டின் அபர்டோவி என்னும் கடலோர ஊரில் ஒரு மாதப் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. அதற்கு அவுட்வர்ட் பவுண்ட் என்று பெயர் சூட்டியவர் ஹோல்ட். கரையைவிட்டுத் திறந்த கடலை நோக்கிப் புறப்படும் கப்பலை மாலுமிகள் அவ்வாறு குறிப்பிடுவார்கள்.

பள்ளி மாணவர், ஆலைத் தொழில் பழகுநர், கடற்படையில் சேரவிருந்தோர் என்று பலவகை இளைஞர்கள் அபர்டோவிக்கு வந்தனர். வீட்டில் வேலையாள்கள் சூழ வளர்ந்தவனும் பதினான்கு வயதில் ஆலைக்குப் போனவனும் ஒரே குழுவில் சேர்க்கப்பட்டனர். சிறிய படகில் ஏறித் துடுப்புப் போடும்போது, யாருடைய தந்தை யார் என்பதைக் கடல் கேட்பதில்லை. பாய்மரம் ஏற்றுதல், மலையேறுதல், நெடுந்தூரம் நடத்தல், மீட்புப் பயிற்சி எனப் பணிகள் படிப்படியாகக் கடினமாயின. எல்லாரும் மாலுமிகளாக ஆக வேண்டும் என்பது நோக்கமன்று. கடலைக் கருவியாகக் கொண்டு மனிதரைப் பழக்குவதே நோக்கம்.

போர்க்காலத்திலேயே அப்பள்ளியின் பொறுப்பை ஏற்ற கப்பல் தலைவர் ஃபுல்லர், இத்தகைய பயிற்சியின் பொருளைத் தம் வாழ்விலேயே அறிந்தவர். இருமுறை அவரது கப்பல் தாக்கப்பட்டது. திறந்த உயிர்காப்புப் படகில், அட்லாண்டிக் கடலில் 35 நாள்கள் மிதந்து, உடனிருந்தவர்களில் ஒருவரைக்கூட இழக்காமல் கரை சேர்ந்தவர் அவர். எவ்வளவு நீர், எவ்வளவு உணவு, யாருக்கு எப்போது ஓய்வு, அழுகின்றவனுக்கு என்ன வேலை கொடுப்பது என்பவையெல்லாம் அத்தகைய படகில் உயிரைத் தாங்கும் முடிவுகள்.

போர் முடிந்த பின்னும் இந்த முறை நிற்கவில்லை. 1946இல் இதற்கென ஓர் அறக்கட்டளை அமைந்தது. வேறு இடங்களிலும் பள்ளிகள் தோன்றின. 1954இல் லூமுட்டில் மலாயாவின் பள்ளி உருவானது. நாட்டில் அவசரகாலம் நடப்பில் இருந்த ஆண்டுகள் அவை. தோட்டங்களைச் சுற்றி முள்வேலியும் ஊரடங்கும் இருந்தன. ஓர் இனத்தார் இன்னோர் இனத்தாரை அறியாமல் வாழ்ந்த அக்காலத்தில், மலாய், சீன, இந்திய இளைஞர்கள் ஒரே படகில் துடுப்புப் போடுவதும் ஒரே பானையில் சமைத்து உண்பதும் சிறிய செய்தியல்ல. விடுதலை அடையவிருந்த நாட்டிற்கு அது தேவையாகவும் இருந்தது.

இளவரசர் பிலிப் தம் பழைய ஆசிரியரின் தூண்டுதலால் 1956இல் இளைஞர் விருதுத் திட்டம் ஒன்றைத் தொடங்கினார். மோரே விருதின் வளர்ச்சியே அது. சேவை, திறன், உடற்பயிற்சி, சாகசப் பயணம் ஆகியவற்றை உள்ளடக்கிய அவ்விருது உலகின் பல நாடுகளுக்கும் பரவியது, மலேசியாவுக்கும் வந்தது.

ஹானின் முறைக்குக் கண்டனமும் எழுந்தது. ஒரு மாதம் கடலில் கழித்தவன் வீடு திரும்பியபின், பழைய சூழலில் பழையபடியே மாறிவிடமாட்டானா என்று சிலர் கேட்டனர். வீரத்தை அளவுக்கு மீறிப் போற்றுகிறார், மென்மையான பிள்ளைகளுக்கு இது பொருந்தாது என்று வேறு சிலர் கூறினர். முதல் கேள்வி நியாயமானது. மாதக்கணக்கில் பழகிச் சிறிது சிறிதாக எட்டும் மோரே விருதையும், ஒரு மாதக் கடற்பயிற்சியையும் ஹான் அருகருகே வைத்திருந்ததற்குக் காரணமும் அதுவே. ஒன்று பொறியைத் தட்டும். மற்றொன்று தீயை அணையாமல் காக்கும். ஒன்றை மட்டும் செய்துவிட்டு மற்றதைக் கைவிட்டவர்களே பின்னாளில் மிகுதி.

புறப்பாட நடவடிக்கையாகப் பள்ளிகள் நடத்தும் முகாம்களிலும் இந்த வேறுபாட்டைக் காணலாம். ஒலிபெருக்கியில் ஒருவர் கட்டளையிட, இருநூறு மாணவர்கள் வரிசையில் நின்று கைதட்டிவிட்டு, சான்றிதழுடன் வீடு திரும்பும் முகாமும் உண்டு. கோல சிலாங்கூரில் 1987இல் உருவான இயற்கைப் பூங்காவிற்கு எட்டுப் பேர் கொண்ட குழுவாகச் சென்று, கடல்நீர் ஏறி இறங்கும் நேரத்தைத் தாங்களே பார்த்து, அலையாத்திக் காட்டில் எந்தப் பறவை எத்தனை வந்தது என எண்ணிக் குறித்துவரும் முகாமும் நடக்கக்கூடும். சிலாங்கூர் ஆற்றங்கரையில் மின்மினிகள் தங்கும் பெரெம்பாங் மரக்கன்றை நடுவது ஒரு நாள் வேலை. அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் வந்து அந்தக் கன்று உயிரோடிருக்கிறதா என்று பார்ப்பதில்தான் ஹான் சொன்ன பொறுப்பு தொடங்குகிறது. அந்தக் குழுவில் இன்று வரைபடத்தைப் பிடிப்பவர் நாளை சமையலுக்கு விறகு சுமப்பார். வகுப்பில் வாய் திறக்காத மாணவி மறுநாள் வழிகாட்டியாக முன்னே நடப்பார். ஆசிரியர் உடன் இருப்பார். ஆனால், பின்னால் நடப்பார்.

மூத்த தலைமுறையினர் தோட்டத்துப் பிள்ளைகளாக இருந்தபோது இதற்கென முகாம் தேவைப்படவில்லை. ஆற்றில் நீந்தினர், காட்டில் பழம் பறித்தனர், தம்பி தங்கையரைத் தூளியில் ஆட்டிக்கொண்டே சோறு வடித்தனர். பொறுப்பு அவர்களைத் தேடி வந்தது. பல வேளைகளில் அளவுக்கு மீறியே வந்தது, படிப்பையும் பறித்தது. பின்னர்ப் பால்மரங்கள் செம்பனைக்கு வழிவிட்டன. குடும்பங்கள் பல, தோட்டத்தைவிட்டு அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன. அவர்களின் பேரப்பிள்ளைகளில் ஆற்றில் கால் நனைக்காதவர்கள் உண்டு.

1953இல் உடல்நலக் குறைவால் ஹான் கோர்டன்ஸ்டன் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். ஓய்வெடுக்கும் வயதிலும் அவர் ஓயவில்லை. பல நாட்டு மாணவர்கள் ஒன்றாகத் தங்கிப் படிக்கும் பள்ளி வேண்டும் என்று முயன்றார். அதன் பயனாக 1962இல் வேல்ஸ் கடற்கரையில் அட்லாண்டிக் கல்லூரி தொடங்கப்பட்டது. அங்கும் மாணவர்கள் கடல் மீட்புப் பணியில் ஈடுபட்டனர். மீட்புக்கு ஏற்ற, விரைந்து செல்லும் படகு அவர்களிடம் இல்லை. அடிப்பகுதி திடமாகவும் பக்கங்கள் காற்றடைத்த இரப்பர் குழாய்களாகவும் உள்ள படகை அக்கல்லூரியின் தலைவரும் மாணவர்களும் பல ஆண்டுகள் சோதித்து வடிவமைத்தனர். இன்று உலகெங்கும் கடலோரக் காவலர்களும் மீட்புப் படையினரும் பயன்படுத்துவது அந்த வகைப் படகைத்தான்.

இறுதிக்காலத்தில் ஹான் ஜெர்மனிக்கே திரும்பினார். தம்மைச் சிறையிலிட்ட நாட்டில், தாம் முதலில் தொடங்கிய பள்ளிக்கு அருகில், 1974 டிசம்பர் 14ஆம் நாள் காலமானார். அவரது உடல் சாலெமில் அடக்கம் செய்யப்பட்டது.